செம்மண்ணுக்கு எத்தனை குதிரை வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புதுச்சேரி ஈ.சி.ஆர். டீக்கடை வாசல்களைப் பார்த்தால், ஊரில் ஏதோ பாலைவன ரேஸ் நடக்கப்போகிறது என்றுதான் தோன்றும். உயர்ந்த ஹேண்டில்பார், இருபுறமும் அலுமினியப் பெட்டி, கம்பிவலை போட்ட ஹெட்லைட், லடாக் போய்வந்ததற்குச் சாட்சியாக ஒரு ஸ்டிக்கர். சென்னையிலிருந்து இருட்டோடு கிளம்பி வந்தவை பாதி, பி.ஒய்-01 நம்பர் போட்ட உள்ளூர் வண்டிகள் பாதி. கொஞ்சம் குனிந்து டயரைப் பாருங்கள். ஷோரூமிலிருந்து வந்தபோது ஓரங்களில் நீட்டிக்கொண்டிருந்த ரப்பர் முடி இன்னும் உதிராமல் இருக்கும்.

அதே நேரத்தில், பொம்மையார்பாளையத்துக்கு மேற்கே மேட்டுக்கு ஏறும் செம்மண் தடத்தில் ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். போய்க்கொண்டிருக்கும். கால் வைக்கும் இடத்தில் தவிட்டு மூட்டை, பின்சீட்டில் புல்லுக்கட்டு. 99.7 சி.சி. இன்ஜின். நாலரைக் குதிரைத்திறனைக்கூட எட்டாது. ஓட்டுகிறவர் காலில் ரப்பர் செருப்பு.

நாற்பது குதிரை வைத்திருப்பவர் தார்ரோட்டோரம் டீ குடித்துவிட்டுத் திரும்புகிறார். நாலு சொச்சம் வைத்திருப்பவர் மேடேறிப் போய்க்கொண்டேயிருக்கிறார். எக்ஸ்.எல்.காரருக்கு அது பிழைப்பு. அவரைப் போட்டிக்கு இழுக்க வேண்டாம். ஆனால் வாரக் கடைசியில் மண்ணில் ஓட்டிச் சந்தோஷப்படவேண்டும் என்றே லட்சக்கணக்கில் செலவழிக்கும் சராசரி ஆளுக்கு எவ்வளவு பெரிய இன்ஜின் வேண்டும் என்று கேட்டுப் பார்க்கலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊர் மண்ணுக்கு, நம் போன்ற ஆட்களுக்கு, இருபது குதிரை போதும். பதின்மூன்றே தாராளம். அதற்கு மேல் இருப்பதெல்லாம் ஹைவேக்கும் இன்ஸ்டாகிராமுக்கும்.

மண் எவ்வளவு வாங்கிக்கொள்ளும்?

பொம்மையார்பாளையம், குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, ஆலங்குப்பம், இரும்பை என்று புதுச்சேரிக்கு வடக்கிலும் வடமேற்கிலும் விரியும் மேட்டுநிலம் பெரும்பாலும் வானூர் வட்டத்தைச் சேர்ந்தது. அடியில் இருப்பது புவியியலாளர்கள் கடலூர் மணற்கல் என்று பெயர் வைத்த பாறை. மேலே, இரும்புச்சத்து துருவேறிச் சிவந்த மண். ஆரோவில் பக்கம் வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்ளும் அந்தச் செம்மண் பள்ளத்தாக்குகள், இந்த மேட்டை மழைநீர் அறுத்து அறுத்து உண்டாக்கியவை.

வண்டி ஓட்டுகிறவனுக்கு இந்த மண் இரண்டு முகம் காட்டும். சித்திரை, வைகாசியில் அடித்தரை சிமென்ட் மாதிரி இறுகிக் கிடக்கும். மேலே ஒரு விரற்கடை புழுதி, அதோடு மொட்டை மொட்டையான சரளைக்கல். தரையில் மூக்குக்கடலையைக் கொட்டி அதன்மேல் நடக்கச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. ஐப்பசி பிறந்துவிட்டால் கதையே வேறு. முதல் இரண்டு மழையில் மண் குழைந்து டயரின் பட்டன்களுக்கு இடையே அப்பிக்கொள்ளும். பட்டன் டயர் வழவழ டயராகிவிடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அதற்குப் பிறகு இந்தப் பக்கத்து மண்பாதைகள் பலவற்றில் பாதை எது, வாய்க்கால் எது என்று கண்டுபிடிக்கவே சில வாரம் ஆனது.

இந்தத் தரையில் ஒரு சக்கரம் எவ்வளவு விசையைத்தான் இறக்க முடியும்? கொஞ்சம் கணக்கு வாத்தியார் வேலை பார்ப்போம். வண்டி 150 கிலோ, ஆள் 75 கிலோ, மொத்தம் 225. அதில் ஏறத்தாழ 125 கிலோ பின்சக்கரத்தின் மேல் இறங்கும். உதிரிச் சரளையில் ரப்பருக்குக் கிடைக்கும் பிடிப்பு, தன்மேல் இறங்கும் எடையில் சுமார் பாதி. ஆக, பின்சக்கரம் தரையை உந்தக்கூடிய உச்ச விசை 60 கிலோ எடைக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்த விசையை விடாமல் கொடுக்க எத்தனை குதிரைத்திறன் வேண்டும்? ஏழுகூட வேண்டாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் பதினொன்று.

இது தோராயக் கணக்குதான். டயர், காற்று, மேடு பள்ளம் எல்லாம் அதை முன்னே பின்னே இழுக்கும். ஆனால் கணக்கின் சாரம் மாறாது. இந்தத் தடங்களில் சராசரி ஆள் போகிற வேகம் முப்பதிலிருந்து ஐம்பதுக்குள்தான். அந்த வேகத்தில் பதினொரு குதிரைக்கு மேல் கொடுத்தால் மண் வாங்கிக்கொள்ளாது. மிச்சமுள்ள முப்பது குதிரையும் சக்கரத்தை நின்ற இடத்தில் சுழற்றிச் சரளையைப் பின்னால் வருகிறவர் முகத்தில் அடிக்கும். அவ்வளவுதான் அவற்றின் உபயோகம். பின்சக்கரத்தை வேண்டுமென்றே சறுக்கவிட்டு, அந்தச் சறுக்கலிலேயே வண்டியைத் திருப்புகிற கைகள் உண்டு. அந்தக் கைக்கு நாற்பது குதிரையும் வேலை செய்யும். அந்தக் கை நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

இரண்டு வண்டி, ஒரே தடம்

இரும்பை பக்கத்தில் ஒரு மாட்டுவண்டித் தடம். இருபுறமும் முந்திரி, இடையிடையே பனை. நடுவில் புல் முளைத்த முதுகு, இரண்டு ஓரத்திலும் சக்கரம் போய்ப்போய் விழுந்த பள்ளம். ஓரிடத்தில் தடம் சட்டென்று வலப்பக்கம் ஒடிந்து, ஒரு ஓடைக்குள் இறங்கி மறுகரை ஏறும். அதில் நண்பர்களின் இரண்டு வண்டிகளை மாற்றி மாற்றி ஓட்டிப்பார்த்தோம். ஒன்று 200 சி.சி., இன்னொன்று 400-க்கு மேல். கம்பெனிப் பெயர் வேண்டாம், இந்த வித்தியாசம் எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும்.

பெரிய வண்டி தார்ரோட்டில் தங்கம். தடத்தில் இறங்கியதும் அதன் ஆக்ஸிலேட்டரில் நான் உபயோகித்தது கால்வாசித் திருப்பம்கூட இல்லை. செகண்ட் கியரைத் தாண்டவில்லை. ஓடை இறக்கம் வந்தபோது மூளை முழுக்க ஒரே யோசனை. இது சாய்ந்தால் எந்தப் பக்கம் குதிப்பது? முன் பிரேக்கைத் தொட்டால் முன்சக்கரம் சரளையில் நழுவுகிறது. தொடாவிட்டால் வண்டி தன் எடையாலேயே கீழே இழுத்துக்கொண்டு போகிறது. மறுகரை ஏறும்போது மணிக்கட்டு இம்மி கூடுதலாகத் திரும்பிவிட, பின்பக்கம் ஒரு முழம் விலகியது. வண்டிக்குள் இருந்த எலக்ட்ரானிக்ஸ் ஏதோ செய்து காப்பாற்றியது. மேலே ஏறி நின்றதும் எனக்கு வந்தது சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். நிம்மதி.

சின்ன வண்டியில் அதே தடம் வேறு ஊர்போல இருந்தது. ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று, முழங்காலால் டேங்கைப் பிடித்துக்கொண்டு, தேர்ட் கியரில் ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திருகமுடிந்தது. திருகியும் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் விசேஷம். வண்டி உறுமிக்கொண்டு, தனக்குத் தெரிந்த வேகத்தில் போனது. வளைவில் கொஞ்சம் தப்பாக நுழைந்தாலும் திருத்திக்கொள்ள நேரம் இருந்தது. ஓடையில் ஒருமுறை சாய்ந்தும் விட்டது. கைப்பிடியைப் பிடித்து, இடுப்பைக் கொடுத்து, ஒற்றை ஆளாக நிமிர்த்திக்கொண்டு போய்விட்டேன். பெரியது அங்கே சாய்ந்திருந்தால் முந்திரித் தோப்பில் யாராவது இருக்கிறார்களா என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கவேண்டும்.

மண்ணில் விழுவது கெட்ட சகுனம் இல்லை, பாடத்தில் ஒரு பகுதி. விழும்போது என்ன ஆகிறது என்பதில்தான் வித்தியாசம். 196 கிலோ வண்டி காலின் மேல் சாய்ந்தால் அன்றைய பொழுது ஆஸ்பத்திரியில். 134 கிலோ சாய்ந்தால் ஒரு கெட்ட வார்த்தையோடு முடிந்துபோகும். எடை ஒருபக்கம் என்றால் உயரம் இன்னொருபக்கம். ஐந்தரை அடி ஆளுக்கு 820, 830 மில்லிமீட்டர் சீட்டே நுனிக்கால் சமாச்சாரம். சரிவில், ஒரு காலைத் தரையில் ஊன்றமுடியாத நிலையில், கையில் இருக்கும் குதிரைத்திறனால் பத்து காசுக்குப் பிரயோஜனம் கிடையாது.

பயத்தையும் சொல்லவேண்டும். கெத்துக்காக யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பயந்துகொண்டு ஓட்டுகிறவன் சீட்டில் உட்கார்ந்தே இருப்பான், கைகளை விறைத்துப் பிடிப்பான், முன்சக்கரத்துக்கு நேர் கீழேயே பார்ப்பான். மூன்றும் மண்ணில் செய்யக்கூடாதவை. பத்து நிமிஷத்தில் முன்கை கல்லாகிவிடும். இயந்திரத்தைக் கண்டு பயமில்லாதபோதுதான் உடம்பு தளரும், கண் தூரத்துக்குப் போகும், கால் தானாக எழும். கற்றுக்கொள்வதே அப்போதுதான் தொடங்குகிறது.

மொபெட் ஊர்

யோசித்துப் பார்த்தால், இந்தப் பாடத்தைப் புதுச்சேரிக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. சின்ன இன்ஜினோடு இந்த ஊருக்கு இருக்கும் சகவாசம் பழையது. இந்த ஊரை ஒரு காலத்தில் ஆண்ட பிரான்சின் மோட்டோபெக்கான் கம்பெனி போட்ட மோபிலெட், ஐம்பது சி.சி. மொபெட்டாக அந்த நாட்டுக் கிராமங்களையெல்லாம் ஓட்டியது. அந்தத் தொழில்நுட்பத்தில்தான் திருப்பதியில் மோபெட்ஸ் இந்தியா நிறுவனம் சுவேகாவைத் தயாரித்தது. சுவேகா போன தடத்தில் டி.வி.எஸ்.-50 வந்தது. 1980-இல் ஓசூரில் பிறந்த, இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட். 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அங்கே ரோடு என்று சொல்ல ஒன்றுமில்லை. மரமும் இல்லை, வெறும் செம்மண் பொட்டல். அந்தப் பொட்டலில் பல வருஷம் ஓடியவை சைக்கிளும் மொபெட்டும்தான். மிஷன் வீதிப் பக்கம் கறுப்பு நம்பர் பிளேட்டோடு நிற்கும் வாடகை வண்டிகளில் இன்றைக்கும் பெரும்பாலானவை 110 சி.சி. சமாச்சாரம். அவற்றை எடுத்துக்கொண்டு மாத்ரிமந்திர் பக்கம் போகும் டூரிஸ்ட்டுகள் வழிதவறி மண்பாதைக்குள் நுழைந்து, சிரித்துக்கொண்டே வெளியே வருவதைப் பார்க்கலாம்.

எண்பதுகளில் இளைஞர்களாக இருந்தவர்களிடம் கேட்டால் யமஹா ஆர்.எக்ஸ்.100 பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். 1985 முதல் 1996 வரை வந்த வண்டி. 98 சி.சி., பதினோரு குதிரை, எடை நூறு கிலோவை ஒட்டி. என் கணக்கில் வந்த அதே பதினொன்று! தென்னிந்தியாவில் மண்ரேஸ் என்று ஒன்று வளர்ந்ததற்கு அந்த வண்டிக்கும், டி.வி.எஸ். சுஸூகி ஷோகன் மாதிரியான டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. மட்கார்டைக் கழற்றி, சீட்டை வெட்டி, பின் ஸ்ப்ராக்கெட்டில் பல் கூட்டிப் போட்டு, பட்டன் டயர் மாட்டினால் ரேஸ் வண்டி தயார். பட்டறைக்காரர் ஸ்பேனரை எடுத்தால் மாலைக்குள் முடிகிற வேலை.

பெரிய உதாரணம் வேண்டும் என்பவர்களுக்கு டக்கார் ராலி இருக்கிறது. அதுவும் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கியதுதான். 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸிலிருந்து டக்காருக்குக் கிளம்பிய முதல் ராலியில், கார்களையும் சேர்த்து எல்லோருக்கும் முன்னால் வந்தவர் சிரில் நெவு. ஓட்டியது யமஹா எக்ஸ்.டி.500. ஒற்றை சிலிண்டர், முப்பதை ஒட்டிய குதிரைத்திறன். அதன் பிறகுதான் கம்பெனிகளுக்கு வெறி பிடித்தது. பி.எம்.டபிள்யூ., ககீவா, யமஹா எல்லாம் இரட்டை சிலிண்டர் ராட்சசர்களை இறக்கின. எண்ணூறு சி.சி., தொள்ளாயிரம் சி.சி. என்று ஏறியது. மணலில் 180 கிலோமீட்டர் வேகம், அதற்கேற்ற சாவுகள். கடைசியில் அமைப்பாளர்களே கடிவாளம் போட்டார்கள். 2011 முதல் பைக் என்றால் 450 சி.சி.தான், அதற்கு மேல் இல்லை. உலகத்தின் தலைசிறந்த ஓட்டுநர்களுக்கே ஒரு வரம்பு வேண்டியிருந்தது.

அந்த 450-உம் சாதுவான வண்டி இல்லை, ஐம்பது குதிரைக்கு மேல் தருகிற பந்தய இயந்திரம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதில்தான் 2015-இல் பெங்களூரு சி.எஸ்.சந்தோஷ் 36-ஆம் இடத்தில் முடித்து, டக்காரை ஓட்டி முடித்த முதல் இந்தியர் ஆனார். 2024-இல் கேரளத்து ஷொரணூரின் ஹரித் நோவா ஒட்டுமொத்தத்தில் 11-ஆம் இடம், ராலி-2 பிரிவில் முதலிடம். அவர் ஓட்டியது ஷெர்கோ டி.வி.எஸ். அணிக்காக. பிரான்சின் நீம் நகரத்துக் கம்பெனியும் நம் ஓசூர் கம்பெனியும் சேர்ந்து நடத்திய அணி அது. தவிட்டு மூட்டை ஏற்றும் எக்ஸ்.எல்.லைத் தயாரிக்கும் அதே ஓசூர்.

மோட்டோகிராஸ் சாம்பியன்கள் எவரும் நேராக 450-இல் ஏறிவிடுவதில்லை. சின்ன வயதில் 65 சி.சி., பிறகு 85, பிறகு 125 அல்லது 250 என்று படிப்படியாக ஏறி வருகிறார்கள். 2024-இல் புனேயில் தொடங்கிய இந்திய சூப்பர்கிராஸ் லீகிலும் ஜூனியர்களுக்கு 85 சி.சி. பிரிவு இருந்தது. நாம் மட்டும்தான் ஸ்கூட்டரிலிருந்து இறங்கி நேராக 400-இல் ஏறுகிறோம். சட்டமும் தடுப்பதில்லை. பதினெட்டு வயது முடிந்து கியர் வண்டி லைசென்ஸ் எடுத்துவிட்டால் நூறு சி.சி.யும் ஆயிரம் சி.சி.யும் ஒன்றுதான். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய. அந்த வீட்டுப் பையன் பாரிஸ் போனால், பதினாறு வயதில் கிடைக்கும் லைசென்ஸ் 125 சி.சி.க்கும் 15 குதிரைக்கும்தான். அதற்கடுத்த லைசென்ஸிலும் முதல் இரண்டு வருஷம் 47 குதிரையைத் தாண்ட முடியாது. இங்கே இருக்கும் அவன் சித்தப்பா மகனுக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை, அப்பாவின் சம்பளத்தைத் தவிர.

விற்காத வண்டியும் விற்ற வண்டியும்

சின்ன மண் வண்டிக்கு இந்தியாவில் ஒரு சோகக் கதை உண்டு. 2011-இல் ஹீரோ கம்பெனி இம்பல்ஸ் என்று ஒன்றை இறக்கியது. 150 சி.சி., பதின்மூன்று குதிரை சொச்சம், 134 கிலோ. உயரமான ஷாக் அப்சார்பர், பட்டன் டயர், ஒல்லி உடம்பு. அன்றைக்கு ஒரு லட்சம் ரூபாய்க்குள் இப்படியொரு வண்டி வேறு யாரும் தரவில்லை. வாங்க ஆள் வரவில்லை. பிக்கப் இல்லை என்றார்கள், ஹைவேயில் திணறுகிறது என்றார்கள், பார்க்க சைக்கிள் மாதிரி இருக்கிறது என்றார்கள். சில வருஷத்தில் வண்டி நின்றுபோனது. வாங்கிய சிலர் மட்டும் இன்னும் விற்காமல் வைத்திருக்கிறார்கள்.

அதே கம்பெனி 2019-இல் எக்ஸ்பல்ஸ் 200-ஐக் கொண்டுவந்தது. 18.4 குதிரை, 154 கிலோ, 220 மில்லிமீட்டர் தரை இடைவெளி, முன்னால் 21 இஞ்ச், பின்னால் 18 இஞ்ச் சக்கரம். இந்தத் தடவை மக்கள் வாங்கினார்கள். நடுவில் என்ன மாறியது? 2016-இல் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் வந்து, தார் இல்லாத இடத்துக்கும் வண்டி எடுத்துப் போகலாம் என்ற ஆசையை ஊர் ஊராக விதைத்திருந்தது. அதுவும் 411 சி.சி. வைத்துக்கொண்டு 24 குதிரை சொச்சம்தான் தந்தது. ஆனால் இழுவை முழுக்கக் கீழ் ஆர்.பி.எம்.மிலேயே கிடைக்கும்படி செய்திருந்தார்கள். மண்ணில் கைகொடுக்கும் சூட்சுமம் அதுதான். அதைப் புரிந்துகொள்ளாமல், ‘குதிரை கம்மி’ என்று குறை சொன்னவர்களே அதிகம். 2023-இல் வந்த புது ஹிமாலயன் 452 சி.சி., 40 குதிரை, 196 கிலோ. கேட்டவர்களுக்குக் கேட்டது கிடைத்துவிட்டது.

விலைப் பட்டியல் இப்போது சின்ன வண்டிப் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு மேலே உள்ளவற்றுக்கு 40 சதவீதம். ரோடு டாக்ஸ் குறைவு என்ற பெயரால் வெளியூர்க்காரர்களெல்லாம் வண்டி பதிய ஓடிவந்த ஊர் நம்முடையது. கேரளத்து சினிமாக்காரர்களின் சொகுசுக் கார்கள் 2017-இல் அந்த வகையில்தான் சந்தி சிரித்தன. அந்தப் புதுச்சேரியிலேயே இன்று சி.சி. பார்த்துத்தான் விலை பேசவேண்டியிருக்கிறது.

எதிர்க்கட்சிக்கும் ஒரு நாற்காலி

பெரிய வண்டிக்காரர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சென்னையிலிருந்து 150 கிலோமீட்டர் ஓட்டிவந்து, ஒரு மணி நேரம் மண்ணில் இறங்கி, மறுபடி 150 கிலோமீட்டர் திரும்பவேண்டிய ஆளுக்கு 200 சி.சி. வண்டி பரீட்சை. தொண்ணூறைத் தாண்டினால் கால் பெடல் முதல் கண்ணாடி வரை நடுங்கும். பின்னால் மனைவி, பெட்டியில் துணிமணி என்றால் சொல்லவே வேண்டாம்.

மணல் இன்னொரு விஷயம். வில்லியனூர் பக்கம் சங்கராபரணி ஆற்றுமணலிலோ வீராம்பட்டினம் கடலோரத்திலோ சக்கரம் புதையும். புதைகிற சக்கரத்தை மிதக்கவிட வேகம் வேண்டும், அந்த வேகத்துக்கு நிஜமாகவே குதிரைத்திறன் வேண்டும். என் கணக்கு சரளைக்குத்தான், மணலுக்கு இல்லை. நூறு கிலோ ஆளுக்கும் அந்தக் கணக்கை மாற்றிப் போடவேண்டும். மலிவான சின்ன வண்டிகளில் ஃபோர்க்கும் ஷாக்கும் சுமாராகத்தான் இருக்கும் என்பதும் உண்மை. ஒரு குழியில் வேகமாக இறங்கினால் ‘டங்’ என்று அடிவாங்கும் சத்தம் தண்டுவடம் வரை கேட்கும். குறைந்த சக்தியும் நல்ல சஸ்பென்ஷனும் சேர்ந்த வண்டிதான் அபூர்வம். கவாசாகியின் கே.எல்.எக்ஸ். 230 அந்த இனம். 18 குதிரை, 139 கிலோ. 2024 கடைசியில் இங்கே வந்தபோது விலை மூன்று லட்சத்துக்கு மேல். அந்தக் காசுக்குப் பதினெட்டு குதிரையா என்று நம் ஆட்கள் கேட்டார்கள். பிறகு உள்ளூர் உதிரிபாகங்களோடு விலை பெரிதாக இறங்கியது. எங்கே காசு போகிறது என்று கேட்டால் ஷாக் அப்சார்பரில், எடைக் குறைப்பில். குதிரையை எண்ணுகிறவர்களுக்கு அது கண்ணில் படாது.

ஆனால் இந்த நியாயங்களில் பெரும்பாலானவை ரோட்டுக்கான நியாயங்கள் என்பதைக் கவனியுங்கள். மண்ணில் ஓட்டுவதுதான் இன்பம் என்று வாங்கிவிட்டு, ஹைவேக்காக இன்ஜினைத் தேர்ந்தெடுத்தால் கிடைப்பது ஹைவே வண்டிதான்.

வரப்பும் கரையும்

மண் வண்டி எழுத்தில் வழக்கமாக விட்டுப்போகும் ஒரு சங்கதி, அந்த மண் யாருடையது என்பது. புதுச்சேரியைச் சுற்றி இதற்கென்று ஒதுக்கிய ட்ராக் கிடையாது. இருங்காட்டுக்கோட்டையில் இருப்பது தார் ட்ராக். மண்ணுக்கென்றால் கோலார் பக்கம் சந்தோஷ் தொடங்கிய பிக் ராக் பயிற்சிக்களம் வரை போகவேண்டும். அதனால் இங்கே எல்லோரும் ஓட்டுவது பஞ்சாயத்துப் பாதைகளிலும் தோப்பு வழிகளிலும்தான்.

செம்மண் மேட்டில் மழைநீர் ஓடிவிடாமல் தடுக்க, ஐம்பது வருஷமாகக் கை வலிக்க வலிக்கக் கரை கட்டியிருக்கிறார்கள். ஆரோவில் காட்டுக்குள்ளும் பக்கத்துக் கிராம வயல்களிலும் முழங்கால் உயரத்துக்கு நீளமாக ஓடுகிற மண்கரைகள் அவை. பைக் ஓட்டுகிறவனுக்கு அது குதிக்க வசதியான மேடாகத் தெரியும். ஒரே இடத்தில் பத்து வண்டி ஏறி இறங்கினால் கரையில் ஒரு பள்ளம் விழும். அடுத்த மழையில் தேங்கிய தண்ணீர் முழுவதும் அந்தப் பள்ளத்தைத் தேடி வரும். இரண்டு மழைக்காலத்தில் கரை உடையும், நாலில் அங்கே ஒரு ஓடை இருக்கும். போட்டோ எடுக்கிற அந்தப் பெரிய பள்ளத்தாக்குகளும் இப்படித்தான் எங்கேயோ ஒரு சின்னக் கீறலாகத் தொடங்கியவை. சுழலும் சக்கரம்தான் மண்ணைத் தோண்டுகிறது. நாற்பது குதிரைக்கு ஒரு நொடியில் முடிகிற வேலையை, பதின்மூன்று குதிரை செய்ய ரொம்ப மெனக்கெட வேண்டும்.

சத்தமும் அப்படித்தான். விடிகாலையில் மாற்று சைலென்சர் போட்ட பெரிய வண்டிகள் வரிசையாக ஊருக்குள் நுழைந்தால், கட்டியிருக்கும் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். அடுத்த வாரம் அந்த வழியில் முள்ளை வெட்டிப் போட்டுவிடுவார்கள். நியாயம்தான். சின்ன வண்டியில் மெதுவாகப் போகிறவனை நிறுத்தி, எந்த ஊர் தம்பி என்று விசாரித்துவிட்டு வழியும் சொல்லி அனுப்புகிறார்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு

புது பெரிய வண்டிக்கு ஒதுக்கிய பணத்தில் பாதிக்குக் குறைவாகவே பழைய 200 சி.சி. மண் வண்டி ஒன்று வந்துவிடும். மீதியில் முதலில் வாங்கவேண்டியது பூட்ஸ், கணுக்காலுக்கு மேல் ஏறுகிற கெட்டியான பூட்ஸ். அடுத்து முழங்கால் கார்டு, முகம் மூடிய ஹெல்மெட், கையுறை. இந்த நாலுக்கும் சேர்த்து ஆகிற செலவு ஒரு ஜோடி அலுமினியப் பெட்டியின் விலைதான். இன்னும் மிஞ்சினால் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு. எழுந்து நிற்பது, கிளட்ச்சை இரண்டு விரலில் பிடிப்பது, பின் பிரேக்கைப் பூட்டிவிடாமல் மிதிப்பது, இந்த மூன்றையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டவன் சொந்தமாகக் கற்றுக்கொண்டவனைவிட வருஷக்கணக்கில் முன்னால் இருப்பான்.

பழைய வண்டி பார்க்கும்போது கிலோமீட்டர் மீட்டரை நம்பவேண்டாம். முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் விரலால் வழித்துப் பாருங்கள். எண்ணெய் ஒட்டினால் சீல் போயிருக்கிறது. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை இருபுறமும் மெல்லத் திருப்புங்கள். நடுவில் ‘கடக்’ என்று பிடித்தால் பேரிங் மாற்றவேண்டும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம் நெளிகிறதா என்று ஒரு குச்சியை வைத்துப் பாருங்கள், ஸ்போக்குகளைத் தட்டினால் எல்லாம் ஒரே சுருதியில் ஒலிக்கவேண்டும். இன்ஜினுக்குக் கீழே இருக்கும் தகட்டில் அடி நசுங்கியிருந்தால் விற்கிறவர் மண்ணில் ஓட்டியிருக்கிறார். அது குறையில்லை, ஆனால் விலையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வண்டி கைக்கு வந்ததும் பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் கூட்டிப் போடச் சொல்லுங்கள். மண்ணில் இறங்கும் முன் டயரில் காற்றை இருபது பி.எஸ்.ஐ. பக்கம் இறக்கிக்கொள்ளுங்கள். தார்ரோட்டுக்குத் திரும்பியதும் மறக்காமல் ஏற்றிவிடவேண்டும். திருச்சிற்றம்பலம் கூட்டுரோடு வரை உருட்டிக்கொண்டு வர யாருக்கும் ஆசை இருக்காது. கையால் அடிக்கிற பம்ப் ஒன்றைச் சீட்டுக்குக் கீழே போட்டுவையுங்கள்.